சந்திரமுகி 2 - ஒரே பத்திரத்துக்கு அஞ்சாவது அடமானம்

டிஸ்கி: ரஜினி ரசிகர்களும் லாரன்ஸ் ரசிகர்களும் அமைதி காக்கவும். இது நடிகர் சண்டை இல்லை. கதை முழுக்க இங்கே வரும். இன்னும் பார்க்காதவர்கள் தாராளமாகப் படிக்கலாம், பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை!

2023 செப்டம்பர் 28 அன்று வந்த சந்திரமுகி 2-ஐப் பார்த்துவிட்டு ஊர் முழுக்க சிரித்தது. கிராபிக்ஸ் சரியில்லை, காமெடி சரியில்லை, ஜோதிகா மாதிரி வருமா என்று ஆளாளுக்கு ஒரு கல் எறிந்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். அந்தக் குறைகள் எல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் அதெல்லாம் சில்லறைக் கணக்கு. அசலே போனது வேறு இடத்தில். அதை யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. அதனால்தான் இத்தனை நாள் கழித்தும் இந்தப் புலம்பல். லீவு நாளில் நாலு குடும்பம் சேர்ந்தால் யாராவது ஒரு வாண்டு டிவியில் இந்தப் படத்தைத்தான் போடுகிறது. மஸ்கட்டில் எங்கள் பில்டிங்கிலேயே இப்படி என்றால் மற்ற ஊர்களிலும் அப்படித்தான் இருக்கும்.

என் குற்றச்சாட்டு ஒரே வரிதான். முதல் படம் "பேய் இல்லை, இது வியாதி" என்று சொன்னது. இரண்டாவது படம் "இல்லையில்லை, பேய்தான்" என்று சொல்லிவிட்டது. இது சும்மா சுமாரான இரண்டாம் பாகம் இல்லை சார். முதல் பாகம் சம்பாதித்த மரியாதையை முழுசாகத் துடைத்த இரண்டாம் பாகம்.

கொஞ்சம் பழைய லெட்ஜரைப் புரட்டுவோம்.

1993 டிசம்பரில் மலையாளத்தில் மணிச்சித்திரத்தாழ் வந்தது. எழுதியவர் மது முட்டம், இயக்கியவர் ஃபாசில். ஷோபனாவுக்கு சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். பி.வாசு அதைக் கன்னடத்தில் 2004-இல் ஆப்தமித்ரா என்று எடுத்தார். அதையே தமிழில் ரஜினியை வைத்து 2005 ஏப்ரல் 14 அன்று சந்திரமுகியாகக் கொண்டு வந்தார். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடியது. (அந்த தியேட்டரே இப்போது இல்லை, அது வேறு சோகம்.) இந்தியில் பிரியதர்ஷன் 2007-இல் பூல் புலையா எடுத்தார். அதோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் நல்ல பெயர்.

விடவில்லை. 2010 பிப்ரவரியில் கன்னடத்தில் ஆப்தரக்ஷகா. விஷ்ணுவர்தன் மறைந்த பிறகு வந்த அவருடைய கடைசிப் படம். அதே வருஷம் டிசம்பரில் தெலுங்கில் வெங்கடேஷ், அனுஷ்காவோடு நாகவல்லி. இரண்டுக்கும் பி.வாசுவேதான் இயக்குநர். பிறகு பதிமூணு வருஷம் கழித்து சந்திரமுகி 2. எண்ணிப் பாருங்கள், ஒரே வீட்டுக்குள் ஒரே மனிதர் அஞ்சு தடவை போயிருக்கிறார்.

நம்ம தொழில் பாஷையில் சொன்னால், இது ஒரே சொத்துப் பத்திரத்தை அஞ்சு தடவை அடமானம் வைக்கிற வேலை. முதல் தடவை கடன் கொடுக்கிறவர் வீட்டைப் போய்ப் பார்ப்பார். சுவரைத் தட்டிப் பார்ப்பார். மூணாவது தடவை வெளியே நின்று பார்ப்பார். அஞ்சாவது தடவை பத்திரத்தில் இருக்கிற பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். வீடு இடிந்து குட்டிச்சுவரான கதை அப்புறம்தான் தெரியும். பழைய கடனை அடைக்கப் புதுக்கடன், புதுக்கடனை அடைக்க இன்னொன்று. எவர்கிரீனிங் என்று சொல்வார்கள். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் பச்சைப் பசேல் என்று இருக்கும், கல்லாவில் ஒன்றும் இருக்காது. சந்திரமுகி 2 அந்த ரகம். போட்ட மூலதனம் எல்லாம் பழைய பெயர்தான்.

"பேய்ப் படத்துக்குப் போய் லாஜிக் கேட்கிறாயே" என்று தங்கமணி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பேய்ப் படம் மேல் ஒரு பகையும் கிடையாது. நான் பிச்சாட்டூர்க்காரன். ஆரணியாறு அணைக்கட்டு இருக்கிற ஊர். சித்தூர் மாவட்டமாக இருந்து 2022-இல் திருப்பதி மாவட்டமான இடம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை போட்டால் இரண்டும் கலந்து வரும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விட்டலாச்சார்யா குலதெய்வம் மாதிரி. 1978-இல் வந்த ஜகன்மோகினியைத் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். எங்களுக்குத் தெலுங்கிலும் கிடைக்கும், எல்லை தாண்டினால் தமிழிலும் கிடைக்கும். புருஷன் மேல் ஆசைப்பட்டு வரும் மோகினி, அடுப்புக்குள் காலை வைத்து எரிக்கும் பேய், கை நீண்டு போய்ப் பொருளை எடுக்கும் காட்சி... அதையெல்லாம் பார்த்துப் பயந்து, அம்மா முந்தானைக்குள் தலையை விட்ட தலைமுறை நாங்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை. விட்டலாச்சார்யா டிக்கெட் கொடுக்கும்போதே பேய் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் கொடுத்தார், சொன்னபடி காட்டினார்.

லாரன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் வந்த காஞ்சனாவில் பேய் நிஜம்தான். ஆனால் அந்தப் பேய்க்கு ஒரு வழக்கு இருந்தது. ஒரு திருநங்கைக்கு நடந்த அநியாயம் இருந்தது. சரத்குமார் அந்த வேஷத்தில் வந்தபோது எத்தனையோ வீட்டில் முதல் தடவையாகத் திருநங்கைகளைப் பற்றி மரியாதையாகப் பேசினார்கள். சுந்தர்.சி-யின் அரண்மனை வரிசையும் அப்படித்தான். பேய் இருக்கிறது என்று போர்டு மாட்டிவிட்டுக் கடை நடத்துகிறார். யாரையும் ஏமாற்றவில்லை.

சந்திரமுகி அந்தக் கடை இல்லை. அது "பேய் இல்லை" என்று போர்டு மாட்டிய ஒரே பெரிய கடை. இரண்டரை மணி நேரம் நம்மைப் பேய் இருக்கிறது என்று நம்ப வைத்து, கடைசியில் ஒரு மனநல மருத்துவர் எழுந்து நின்று, இந்தப் பெண்ணுக்கு வந்திருப்பது பேய் இல்லை, மனசில் வந்த நோய் என்று விளக்குகிறார். சொன்னது யார்? ரஜினிகாந்த்! சாதாரண ஆள் சொன்னால் கேட்பார்களா நம்ம சனங்கள்?

அதிலும் ஒரு பெரிய நயம் இருந்தது. டாக்டர் மந்திரவாதியை அவமானப்படுத்தவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அந்தப் பெண் எதை நம்புகிறாளோ அந்த நம்பிக்கை வழியாகவே அவளை வெளியே கொண்டு வருகிறார்கள். ராஜாவைத் தான் பழி வாங்கிவிட்டதாக அவளை நம்பவைத்து, ஆளுக்குப் பதில் பொம்மையை வைக்கிறார்கள். மருத்துவ ரீதியாக அது சரியா என்று டாக்டர்கள் சண்டை போடலாம். ஆனால் ஒரு கிராமத்துப் பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுக் கோபப்படாமல் வீட்டுக்குப் போனார், "டாக்டருகிட்டயும் காட்டலாம் போல" என்ற எண்ணத்தோடு போனார். அதுதான் முக்கியம்.

ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீ பிடித்தது. கொட்டகை. சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப் போனார்கள். அவர்களைக் கொண்டு வந்து விட்டவர்கள் ராட்சசர்கள் இல்லை. அம்மா, அப்பா, அண்ணன், புருஷன். பிடித்திருப்பது போய்விடும், தெய்வம் குணப்படுத்தும் என்று நம்பிக் கொண்டு வந்தவர்கள். அதற்கு நாலு வருஷம் கூட முழுசாக ஆகாத நேரத்தில்தான், தமிழ்நாட்டின் மிகப் பெரிய நடிகர் திரையில் நின்று இது வியாதி என்று சொன்னார். சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று எழுத்தில் போட்டது, அதுவும் 2018-இல்தான் அமலுக்கு வந்தது. சினிமா சட்டத்துக்குப் பதிமூணு வருஷம் முன்னாடி போய்விட்டது. அப்படி முன்னாடி போனதை 2023-இல் பின்னாடி இழுத்து வந்தால் கோபம் வருமா வராதா?

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். பெயர் வேண்டாம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போயிற்று. ராத்திரி எழுந்து யாரோடோ பேசுவார். வேப்பிலை அடித்தார்கள், முடியைப் பிடித்து முடிச்சுப் போட்டார்கள், பௌர்ணமிக்கு ஒரு ஊர் அமாவாசைக்கு ஒரு ஊர் என்று கூட்டிப் போனார்கள். மூணு வருஷம். 2005 மே மாதம் அவருடைய அண்ணன் படம் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, நீ படிச்சவன், சொல்லு. ஜோதிகாவுக்கு வந்த மாதிரிதான் நம்ம புள்ளைக்கும் வந்திருக்குமா? அதுக்கு மாத்திரை இருக்குதாமா?"

"இருக்கும்ணா. மெட்ராஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க."

போனார்கள். மாத்திரை, ஆறு மாசம், ஒரு வருஷம். மந்திரம் மாதிரி ஒரே நாளில் சரியாகவில்லை, நடுவில் ஒரு தடவை திரும்பவும் வந்தது. ஆனால் அந்த அக்கா இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக் கொண்டிருக்கிறார். படம் குணப்படுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன், டாக்டர்தான் குணப்படுத்தினார். ஆனால் டாக்டர் வீட்டுக் கதவைக் காட்டியது படம். அதே சமயம், முதல் படத்தால் ஒரு கெடுதலும் நடந்தது. கொஞ்சம் குரலை உயர்த்துகிற பெண்ணை எல்லாம் சந்திரமுகி என்று கிண்டல் செய்யும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். வரவு பக்கம் அப்போதும் பெரிசுதான்.

இப்போது இரண்டாம் பாகத்துக்கு வருவோம்.

ஒரு பணக்காரக் குடும்பம். அடுத்தடுத்து கஷ்டம். குலதெய்வக் கோயிலில் பூஜை செய்யச் சொல்லி சாமியார் சொல்கிறார். வேட்டையபுரம் அரண்மனையில் வந்து தங்குகிறார்கள். அந்த வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் திவ்யா என்ற பெண் (லட்சுமி மேனன்). சந்திரமுகி அவள் மேல் இறங்குகிறது. நிஜமாகவே இறங்குகிறது. நாயகன் டாக்டர் இல்லை. அவன் மேல் வேட்டையன் ஆவி வருகிறது. இரண்டு ஆவியும் கத்தி எடுத்துச் சண்டை போடுகின்றன. இடையில் ஃபிளாஷ்பேக்கில் கங்கனா ரணாவத் அசல் சந்திரமுகியாக வருகிறார். வேட்டையன் என்று இத்தனை நாள் நாம் நினைத்த ஆள் அசல் வேட்டையனே இல்லை, செங்கோட்டையன் என்ற தளபதி என்று ஒரு திருப்பம். எதற்கு அந்தத் திருப்பம்? தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

என் வழக்கு மூணு விஷயம்.

1. நோயைப் பேயாக்கியது. மேலே சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நடக்க முடியாத பெண் பேய் பிடித்ததும் எழுந்து நடக்கிறாள் என்பது நம் ஊரில் எத்தனை வீட்டில் ஊனமுற்ற பிள்ளையை வைத்துக் கொண்டு என்னென்ன பரிகாரம் செய்ய வைக்கும் என்று யோசித்தார்களா? பயமுறுத்த வேறு வழியே கிடைக்கவில்லையா?

2. காதலைக் காணாமல் அடித்தது. சந்திரமுகி அடிப்படையில் ஒரு காதல் கதை. இரண்டு காதல். ஒன்று, ராஜா வலுக்கட்டாயமாகக் கொண்டு வந்து வைத்த நாட்டியக்காரிக்கும் குணசேகரனுக்கும் இருந்த காதல். ராஜா அவன் தலையை வெட்டி அவளை உயிரோடு எரிக்கிறான். இன்னொன்று, அதை விடப் பெரிசு. தன்னையே கொல்லப் பார்க்கும் மனைவியைப் பைத்தியம் என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பாமல் பக்கத்தில் நிற்கும் புருஷன். பிரபு நடித்த செந்தில்நாதன். கல்யாணச் சந்தையில் ஒரு தூக்க மாத்திரைச் சீட்டைக் கூட ஒளித்து வைக்கும் நம்ம சமூகத்தில் அந்தப் புருஷன்தான் உண்மையான ஹீரோ. இரண்டாம் பாகத்தில் அப்படி நிற்பதற்கு யாரும் இல்லை. பேய் பிடித்தால் பேயை விரட்ட வேண்டும், அவ்வளவுதான். பேய்க்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்து கையைப் பிடித்துக் கொள்வார்கள்?

3. அவளுடைய பாஷையை வீணாக்கியது. இதை எங்கள் பக்கத்து ஆள்தான் சொல்ல முடியும், பொறுத்துக் கொள்ளுங்கள். மணிச்சித்திரத்தாழில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ்க்காரி. கேரளத்துத் தறவாட்டுக்குள் தமிழ் பேசுகிறாள். அதைத் தமிழில் எடுக்கும்போது அவள் ஆந்திராவிலிருந்து வந்த தெலுங்குக்காரி ஆனாள். பாட்டும் தெலுங்கிலேயே வந்தது. யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் பேய் என்றால் அடுத்த வீட்டுக்காரியின் பாஷை! பிச்சாட்டூர்க்காரனான எனக்கு இதில் சிரிப்பும் வரும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லையை மாற்றி வரைந்தபோது திருத்தணி அங்கே போயிற்று, சத்தியவேடு பக்கம் இங்கே வந்தது. எந்தப் பாஷை நம்முது, எந்தப் பாஷை அடுத்தவனுது என்று எங்களால் பிரித்துச் சொல்லவே முடியாது.

அந்தக் கற்பனைக்குப் பின்னால் நிஜம் இருந்தது. தஞ்சாவூர் நாயக்கர், மராட்டியர் அரண்மனைகளில் ஆடல் பாடலின் பாஷை பெரும்பாலும் தெலுங்குதான். எங்கள் ஊருக்கு மேற்கே கார்வேட்டிநகரம் ஜமீன் இருக்கிறது. அங்கே சாரங்கபாணி என்பவர் வேணுகோபாலன் மேல் எழுதிய தெலுங்குப் பதங்களை இன்றைக்கும் பரதநாட்டிய மேடையில் ஆடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் பிரதாபசிம்மன் சபையில் முத்துப்பழனி என்ற தாசி இருந்தார். ராதிகா சாந்த்வனமு என்று தெலுங்கில் ஒரு காவியமே எழுதினார். 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதைத் தேடிப் பிடித்து அச்சுப் போட்டார். திருவையாறில் தியாகராஜர் சமாதியைக் கட்டிய அதே நாகரத்தினம்மாள்தான். ஆபாசம் என்று சொல்லி வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டது. 1947 வாக்கில்தான் தடை நீங்கியது.

பார்த்தீர்களா? தமிழ்நாட்டு அரண்மனையில் வாழ்ந்த தெலுங்கு நாட்டியக்காரி என்பவள் பேய் இல்லை. காவியம் எழுதிய மனுஷி. அவளை எரித்தது ராஜா இல்லை, அவள் புத்தகத்தைப் பூட்டி வைத்தது சட்டம். இரண்டாம் பாகத்தில் அசல் சந்திரமுகியைக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர்களுக்கு எவ்வளவு பெரிய கதவு திறந்து கிடந்தது! கங்கனா மாதிரி ஒரு நடிகை, அந்த வருஷம் மார்ச்சில்தான் ஆஸ்கர் வாங்கிய கீரவாணியின் இசை, லைகா மாதிரி பணம் போடும் கம்பெனி. எல்லாம் இருந்தது. அவள் யார், எங்கே ஆடக் கற்றாள், அவளுக்கு என்ன பிடிக்கும், ராஜா கொண்டு வந்தபோது அவள் அம்மா என்ன சொன்னாள்... இதில் ஒன்றாவது? நகை போட்ட பொம்மையாக நிற்க வைத்துவிட்டார்கள். முதலில் செப்டம்பர் 15 என்று அறிவித்து, தொழில்நுட்பக் காரணம் சொல்லி 28-க்குத் தள்ளிப் போட்டார்கள். அந்தப் பதிமூணு நாளில் ஒரு நாளைக் கதைக்குக் கொடுத்திருக்கலாம்.

இப்போது எதிர்த்தரப்பு வாதம். என் நண்பர் ஒருவர் சொன்னார், "இந்தியில் பூல் புலையா 2 கூட நிஜப் பேய்தானே, 2022-இல் சக்கைப் போடு போட்டதே." உண்மை. அங்கேயும் அதே தப்பு நடந்தது, அங்கே லாபம் வந்தது. 2024-இல் மூணாம் பாகமும் வந்தது. லாபம் வந்ததால் தப்பு சரியாகிவிடுமா? வட்டி ஒழுங்காக வருகிறது என்பதற்காக அடமானத்தில் இருக்கும் பத்திரம் போலி இல்லை என்று ஆகிவிடுமா? தணிக்கைக்காரன் அப்படிச் சொன்னால் அவன் வேலை போய்விடும்.

இன்னொரு வாதம், முதல் பாகத்திலேயே முப்பது அடிப் பாம்பு வரவில்லையா, கடைசியில் ஒரு சந்தேகத்தை விட்டுத்தானே முடித்தார்கள் என்பது. சரி, பாம்பு வந்தது. ரஜினி படம், மசாலா தூவத்தான் செய்வார்கள். ஆனால் பாம்பு கங்காவின் நோயைப் பொய் என்று சொல்லவில்லை. சந்தேகத்தை வாசலில் விட்டுப் போவது வேறு, வீட்டுக்குள் வந்து டாக்டரை வெளியே தள்ளுவது வேறு.

மலையாளத்தில் என்ன செய்தார்கள் பாருங்கள். 2013-இல் பிரியதர்ஷன் கீதாஞ்சலி என்ற படத்தில் மோகன்லாலின் டாக்டர் சன்னியை மட்டும் திரும்பக் கூட்டி வந்தார். படம் ஓடவில்லை. ஆனால் அந்தத் தறவாட்டையும் நாகவல்லியையும் தொடவில்லை. பழைய படத்தின் மரியாதை அப்படியே இருக்கிறது. 2024-இல் அதைப் புதுப்பித்து மறுபடி தியேட்டரில் போட்டபோது, படம் வந்தபோது பிறக்கவே பிறக்காத பிள்ளைகள் போய்ப் பார்த்தார்கள். முதலை ஊதாரித்தனமாகச் செலவு செய்யாதவனுக்குத்தான் முப்பது வருஷம் கழித்தும் வட்டி வரும்.

கடைசியாக ஒன்று. இது குறிப்பாக நமக்கு, வெளியூரில் குடும்பம் நடத்தும் நமக்கு.

மணிச்சித்திரத்தாழில் கங்காவுக்கு நோய் எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? அவளைச் சின்ன வயதில் பாட்டியிடம் விட்டுவிட்டு அப்பா அம்மா கல்கத்தா போய்விடுகிறார்கள். பாட்டிதான் அவளுக்கு உலகம். பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை நாளில் வந்து, இனி எங்களோடு வா என்று கூட்டிப் போகிறார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குள் ஏதோ ஒன்று உடைந்து போகிறது. வளர்ந்து, கல்யாணம் ஆகி, கல்கத்தாவிலிருந்து புருஷனோடு ஒரு பழைய வீட்டுக்கு வரும்போது அந்த உடைசல் நாகவல்லியாக எழுந்து நிற்கிறது. அதாவது, பேய் பழைய அறையில் இல்லை. சம்பாதிக்க வெளியூர் போன அப்பா அம்மாவின் கதையில்தான் இருந்தது.

இது யார் கதை? நம்ம கதை இல்லையா? வேலை நிலைக்கட்டும் என்று பிள்ளையை இரண்டு வருஷம் தாத்தா பாட்டியிடம் விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? பிறகு ஒரு நாள் விசா வந்துவிட்டது என்று திடீரென்று விமானத்தில் ஏற்றி வந்தவர்கள் எத்தனை பேர்? ஃபிளாட்டில் நாலு சுவருக்குள் பேச ஆள் இல்லாமல், ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்? ஊருக்கு ஃபோன் செய்து சொன்னால் கிடைக்கும் முதல் பதில் என்ன? "ஏதோ கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு. லீவுக்கு வரும்போது கோயிலுக்குப் போகலாம்." கோயிலுக்குத் தாராளமாகப் போகலாம், நானும் போகிறவன்தான். டாக்டரிடமும் போக வேண்டும் என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். சினிமாவில் அந்தக் குரல் ஒரே ஒரு தடவை, பெரிய நடிகரின் வாயிலிருந்து, எல்லா வீட்டுக் கூடத்திலும் கேட்டது. அந்தக் குரலைத்தான் இரண்டாம் பாகம் அணைத்தது.

அதனால் தயாரிப்பாளர்களிடம் ஒரே வேண்டுகோள். மூணாம் பாகம் எடுக்கிற ஆசை யாருக்காவது இருந்தால், பேயை விட்டுவிடுங்கள். இருபது வருஷம் கழித்து கங்கா எப்படி இருக்கிறாள் என்று எடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறாளா, நிறுத்திவிட்டாளா? நோய் திரும்ப வந்ததா? செந்தில் இன்னும் பக்கத்தில் இருக்கிறானா? அவர்கள் மகளுக்குக் கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டில் அம்மாவைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? இதை விடப் பயங்கரமான பேய்ப் படம் நம்ம ஊரில் எடுக்க முடியாது. நான் முதல் நாள் முதல் காட்சிக்குக் குடும்பத்தோடு வருகிறேன்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இரண்டாம் பாகத்தைப் போட்டால் பிடுங்கி எறிய வேண்டாம். முதல் பாகத்தை உட்கார வைத்துக் காட்டுங்கள். முடிந்தால் மலையாளத்தையும் காட்டுங்கள். கங்காவுக்கு என்ன ஆச்சு என்று அவர்களையே கேளுங்கள். பேய் பிடித்தது என்று பதில் வந்தால், உங்களுக்குப் பேச வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது.

பி.கு: இந்தியாவில் இருக்கும் உங்கள் வீட்டாருக்கு ஒரு எண் சொல்லி வையுங்கள். 14416. டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். எங்கள் பிச்சாட்டூர் ஆளுக்கு இரண்டும் கலந்து பேசினாலும் புரிந்து கொள்வார்கள் என்றுதான் நம்புகிறேன்!